மெய்ப்பு அறையில் சுழல் திரைகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

நூல்களுக்கு எழுத்துக் கோத்துப் பக்கம் கட்டித் தருவது எங்கள் தொழில். மெய்ப்புப் பார்ப்பவர் (புரூஃப் திருத்துபவர்) மூவர், பக்கம் வடிவமைப்பவர் இருவர், கணினிகளையும் கணக்கையும் கவனிக்கும் நான் என ஆறு பேர் கொண்ட சிறிய அலுவலகம் அது. முதல் மெய்ப்புக்காக ஒவ்வொரு நூலையும் ஏ4 தாளில் முழுமையாக அச்சிடுவதும், திருத்தம் ஏறியபின் அந்தத் தாள்களைக் கட்டிப் பழைய தாள் கடைக்கு அனுப்புவதும் நெடுநாள் வழக்கமாக இருந்தன. தாளுக்கும் டோனருக்கும் ஆகும் செலவைக் குறைக்க, முதல் மெய்ப்பையாவது திரையில் பார்க்கலாம் என்று முடிவெடுத்தபோது, பக்கம் நெட்டையாகவும் திரை குட்டையாகவும் இருப்பதே முதல் தடையாக நின்றது. எனவே, தாங்கியின்மேல் 90 பாகை திருப்பி நிமிர்த்தி வைக்கத்தக்க 23.8 அங்குல மானிட்டர்கள் நான்கை வாங்கினோம். ஐந்தாவது மேசைக்கு, எங்களிடம் ஏற்கெனவே இருந்த, அதேபோலத் திரும்பக்கூடிய பழைய 19 அங்குல மானிட்டரே போதும் என்று விட்டுவிட்டோம். அந்தச் சிக்கனம் எங்களுக்குக் கற்றுக்கொடுத்ததைப் பின்னால் சொல்கிறேன்.

வாங்கி ஓராண்டுக்கு மேலாகிவிட்டது. இந்த மானிட்டர்கள் எந்த வேலைக்கு உதவின, எங்கே இடறின, அந்த இடறல்களுக்குக் காரணம் என்ன என்பதை, இதேபோன்ற வேலை செய்பவர்களுக்குப் பயன்படும் என்று கருதி இங்கே பதிவு செய்கிறேன். கிடையாக வைத்த திரையைக் கிடைநிலை என்றும், நிமிர்த்தி வைத்ததை நிமிர்நிலை என்றும் குறிப்பிடுகிறேன்.

பக்கத்தின் அளவும் திரையின் அளவும்

வாங்குவதற்குமுன் நான் செய்த ஒரே ஆராய்ச்சி, அளவுகோலை எடுத்து அளந்ததுதான். 16:9 விகிதம் கொண்ட 23.8 அங்குலத் திரையின் காட்சிப் பரப்பு 52.7 செ.மீ அகலமும் 29.6 செ.மீ உயரமும் உடையது. அதில் 1920 × 1080 திரைப்புள்ளிகள் (பிக்சல்கள்) உள்ளன. அதாவது அங்குலத்துக்கு ஏறத்தாழ 93 புள்ளிகள். நாங்கள் மிகுதியாகச் செய்வது டெமி அளவு நூல்கள். வெட்டியபின் அந்தப் பக்கம் சுமார் 14 செ.மீ அகலமும் 21.5 செ.மீ உயரமும் இருக்கும்.

கிடைநிலையில், தலைப்புப் பட்டை, கருவிப் பட்டை, அடியிலுள்ள பணிப்பட்டை ஆகியவை போக, பக்கத்துக்குக் கிடைக்கும் உயரம் ஏறத்தாழ 25 செ.மீ. ஆகவே ஒரு டெமி பக்கத்தை முழுவதுமாகக் காட்ட வேண்டுமானால், உண்மை அளவில் 116 விழுக்காட்டுக்கு மேல் பெருக்க முடியாது. இடப்புறமும் வலப்புறமும் திரையின் பெரும்பகுதி வெறும் சாம்பல் நிறமாகக் கிடக்கும். அதே திரையை நிமிர்த்தினால், பக்கவாட்டுக் கருவிப் பலகைக்கு இடம் விட்டும் 27 செ.மீ அகலம் மிஞ்சுகிறது. அதே பக்கத்தை 190 விழுக்காட்டுக்குப் பெருக்கலாம். அப்போதும் அதன் உயரம் 41 செ.மீட்டருக்குள் அடங்கி, மேலும் கீழும் இடம் மீதமிருக்கும்.

இந்த 116க்கும் 190க்கும் உள்ள வேறுபாடு மெய்ப்புப் பார்ப்பவருக்கு என்ன பொருள் தருகிறது என்பதைத் தமிழ் எழுத்தை வைத்தே விளக்கலாம். நூலின் உடலெழுத்து 11 புள்ளி (பாயின்ட்) அளவில் இருந்தால், கிடைநிலையில் அந்த எழுத்துக்கு உயரவாக்கில் 16 திரைப்புள்ளிகளே கிடைக்கின்றன. நிமிர்நிலையில் 27 கிடைக்கின்றன. 16 புள்ளிகளுக்குள் ஓர் எழுத்தை வரையும்போது, மெய்யெழுத்தின் தலைமேலுள்ள புள்ளி ஒன்றிரண்டு திரைப்புள்ளிகளாகச் சுருங்கி, மேல் வரியின் உகரச் சுழிக்கு அருகில் மங்கிப் போகிறது. ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் பல எழுத்துருக்களில் வேறுபாடு, அடியில் சாய்ந்து இறங்கும் ஒரு சிறு வால் மட்டுமே. அந்த வாலைக் காட்டப் போதிய புள்ளிகள் இல்லையென்றால், கால் போட வேண்டிய இடத்தில் ரகரம் விழுந்திருப்பதைக் கண்டுபிடிக்க, மெய்ப்பாளர் ஐயம் வரும் இடமெல்லாம் பெருக்கிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பெருக்கினால் பக்கம் முழுவதும் தெரியாது. பக்கம் முழுவதும் தெரியாவிட்டால், கடைசி வரியில் தனித்து நிற்கும் ஒற்றைச் சொல்லும், பக்க எண் விடுபட்டிருப்பதும் கண்ணில் படாது. எழுத்தும் பெரிதாகத் தெரிய வேண்டும், பக்கமும் முழுதாகத் தெரிய வேண்டும் என்ற இரண்டு தேவைகளையும் ஒரே காட்சியில் நிறைவேற்றியதுதான் நிமிர்நிலையால் எங்களுக்குக் கிடைத்த உண்மையான ஆதாயம்.

ஔகாரத்தின் பின்பகுதிக்குப் பதிலாக ளகரத்தைத் தட்டச்சு செய்துவிடும் பிழை வேறு வகை. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்; எந்தத் திரையை எப்படித் திருப்பினாலும் அது கண்ணுக்குப் புலப்படாது, தேடல் வசதிதான் பிடித்துத் தரும். திரை பெரிதாகத் தெரிந்ததும் எல்லாப் பிழையும் தானாக வெளிவந்துவிடும் என்று முதல் வாரத்தில் நாங்கள் கொண்டிருந்த எண்ணத்தைக் கலைத்தது இந்தப் பிழைதான்.

வடிவமைப்பாளர்களின் கணக்கு நேர்மாறாக அமைந்தது. அவர்கள் ஒற்றைப் பக்கத்தைப் பார்ப்பதில்லை. எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டையும் ஒரு விரிப்பாகவே பார்க்கிறார்கள். டெமி விரிப்பின் அகலம் 28 செ.மீ. கிடைநிலையில் அதை 116 விழுக்காட்டில் வைத்துக்கொண்டு, மீதமுள்ள அகலத்தில் பாணிகள், அடுக்குகள், பக்கப் பட்டியல் என எல்லாப் பலகைகளையும் திறந்து வைக்கலாம். நிமிர்நிலையில் அந்த விரிப்பு உண்மை அளவைவிடச் சற்றுக் குறைந்துவிடுவதோடு, பலகைகளுக்கும் இடமில்லாமல் போகிறது. வாங்கிய நான்கில் இரண்டு வடிவமைப்பு மேசைகளுக்குப் போயிருந்தன. இரண்டாவது வாரத்திலேயே அவர்கள் இருவரும் திரையைக் கிடைநிலைக்குத் திருப்பிவிட்டார்கள்.

திரையைத் தாள்போல நிமிர்த்தி வைக்கும் எண்ணம் புதிதன்று. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில் 1973இல் உருவான ஆல்ட்டோ கணினியின் திரை, அமெரிக்கக் கடிதத் தாளை மனத்தில் கொண்டு 606 புள்ளி அகலமும் 808 புள்ளி உயரமுமாக நிமிர்ந்தே செய்யப்பட்டிருந்தது. பின்னர், முதல் மெக்கின்டாஷை உருவாக்கியவர்களில் பர்ரெல் ஸ்மித், ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் உள்ளிட்டோர் தொடங்கிய ரேடியஸ் நிறுவனம் முழுப்பக்கத் திரையை மெக்கின்டாஷுக்குக் கொண்டுவந்தது; 1990களின் தொடக்கத்தில் அதே நிறுவனத்தின் பிவட் மானிட்டர், கண்ணாடிக் குழாய்த் திரையையே கையால் திருப்பும் வசதியோடு வந்தது. மருத்துவமனைகளில் எக்ஸ்-கதிர்ப் படம் பார்க்கும் மருத்துவர்களுக்கு 2048 × 2560 போன்ற நிமிர்ந்த திரைகள் இன்றும் செய்யப்படுகின்றன. ஆனால் அந்த வகைத் திரைகள் நிமிர்ந்து நிற்பதற்கென்றே அளந்து தேர்ந்து பொருத்தப்படுபவை. எங்களைப் போன்றவர்கள் கடையில் வாங்கும் மானிட்டரோ கிடையாக இருப்பதற்கென்றே செய்யப்பட்ட பலகம். அதற்குத் திரும்பும் தாங்கி ஒன்று பின்னர் சேர்க்கப்பட்டிருக்கிறது. நாங்கள் சந்தித்த சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு காரணத்திலிருந்தே கிளைத்தன.

திருப்புவதில் உள்ள வேலை

கடையில் விற்பனையாளர் ஒரு விரலால் திருப்பிக் காட்டியது மேசைமேல் அவ்வளவு எளிதாக நடக்கவில்லை. திரும்பும்போது மானிட்டரின் மூலை ஒரு வட்டத்தில் நகர்கிறது. அந்த வட்டத்தின் ஆரம், மூலைவிட்டத்தில் பாதி. 23.8 அங்குலத் திரைக்கு அது 30 செ.மீ, சட்டகத்தைச் சேர்த்தால் 31. ஆகவே திரையின் மையம் மேசையிலிருந்து அந்த உயரத்துக்கு மேலே இருந்தால்தான் மூலை மேசையில் இடிக்காது. எங்கள் தாங்கியை ஏறக்குறைய முழு உயரத்துக்கு ஏற்றி, திரையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, பிறகு திருப்பி, மீண்டும் இறக்க வேண்டியிருந்தது. இதை மறந்து திருப்பியதில் முதல் நாளே ஒரு மானிட்டரின் மூலை மேசையில் உரசித் தழும்பாயிற்று. எங்களுடையது ஒரு பக்கமாக மட்டுமே திரும்பும் தாங்கி. எதிர்ப்பக்கம் அழுத்தினால் தடுப்பில் முட்டி நிற்கும். இரு பக்கமும் திரும்பும் தாங்கிகளும் உண்டு. இரண்டு நிமிர்ந்த திரைகளைச் சட்டகத்தின் தடித்த விளிம்பு வெளிப்புறம் இருக்கும்படி அடுத்தடுத்து வைக்க விரும்புபவர்கள் வாங்கும்போதே இதைக் கேட்டறிய வேண்டும்.

தாங்கியே திரும்பாத மானிட்டராக இருந்தாலும், பின்புறம் வெசா தரத்தின்படி 100 × 100 மி.மீ அல்லது 75 × 75 மி.மீ இடைவெளியில் நான்கு திருகுத் துளைகள் இருந்தால், மேசையில் கவ்வும் கைத்தாங்கி ஒன்றை வாங்கிப் பொருத்தி நிமிர்த்திவிடலாம். வளைந்த திரைகளுக்கு இது பொருந்தாது. பக்கவாட்டில் பார்வையைச் சூழ்வதற்காக அமைந்த வளைவு, நிமிர்த்தும்போது மேலும் கீழுமாக வளைந்து, பார்ப்பதற்கே ஒவ்வாததாகிவிடுகிறது.

கேபிள்களை யாரும் முன்கூட்டி நினைப்பதில்லை. கிடைநிலையில் கீழ்நோக்கி இருக்கும் செருகிடங்கள், திருப்பியபின் பக்கவாட்டில் வந்து நிற்கின்றன. அளவாக இழுத்துக் கட்டியிருந்த கேபிள் இறுகி, டிஸ்பிளேபோர்ட் முனையை வளைக்கத் தொடங்கியது; கேபிள்களைத் தாங்கியின் கழுத்திலுள்ள துளை வழியாகத் தளர்வாகவும் ஒரு முழம் கூடுதலாகவும் விட்டபின்தான் சரியாயிற்று. நிமிர்ந்த திரை எப்போதும் தூக்குநூல் பிடித்ததுபோல் நேராக நிற்பதுமில்லை. ஒரு பாகை சாய்ந்தாலும், வரிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கும் மெய்ப்பாளரின் கண்ணுக்கு அது உடனே தெரிகிறது. தட்டச்சு செய்யும்போது மேல்விளிம்பு மெல்ல ஆடுவதும் கிடைநிலையைவிட மிகுதி.

சட்டகத்தைத் திருப்பினால் படம் தானாகத் திரும்பும் என்று எதிர்பார்த்தவர்கள் எங்களில் பலர்; கைப்பேசி பழக்கிய எதிர்பார்ப்பு அது. மானிட்டரைப் பொறுத்தவரை படத்தைத் திருப்புவது கணினியின் வேலை. விண்டோஸில் காட்சி அமைப்புகளுக்குள் சென்று நான்கு திசைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். லினக்ஸிலும் மேக்கிலும் இதற்கு நிகரான அமைப்புகள் உண்டு. சில மானிட்டர்களில் சாய்வை அறியும் உணரி இருக்கிறது. அது டிடிசி/சிஐ என்னும் தடத்தின் வழியாகத் தன் நிலையைக் கணினிக்குச் சொல்லும். ஆனால் அந்தச் செய்தியைக் கேட்டுச் செயல்பட, தயாரிப்பாளர் தரும் நிரல் ஒன்று கணினியில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் மானிட்டர்களில் உணரி இல்லை. ஒருமுறை நிமிர்த்தினால் நிமிர்த்தியபடியே வைத்திருப்பவர்களுக்கு அது இல்லாதது ஒரு குறையுமன்று.

கணினி தொடங்கும்போது தோன்றும் முதல் திரைகள் மட்டும் இந்த அமைப்புக்கு அடங்குவதில்லை. படத்தைத் திருப்புவது இயங்குதளம் என்பதால், அது எழுந்து வருவதற்கு முன் தோன்றும் பயாஸ் பக்கங்கள் பக்கவாட்டில் சாய்ந்தே கிடக்கின்றன. மின்வெட்டுக்குப் பிறகு வட்டுச் சோதனைச் செய்தி ஒன்று வந்தபோது, தலையைத் தோளில் சாய்த்தபடி அதைப் படித்தேன். மானிட்டரின் சொந்தப் பட்டியலும் அப்படித்தான். ஒளிர்வைக் கூட்டவும் குறைக்கவும் பொத்தானை அழுத்தினால் தோன்றும் அந்தப் பட்டியலைத் திருப்பும் வசதி சில மாதிரிகளில் உண்டு, எங்களுடையதில் இல்லை; மேல் அம்பு வலப்பக்கமாகவும் வல அம்பு கீழாகவும் மாறிப்போன அதை எங்கள் மெய்ப்பாளர்கள் யாரும் தொடுவதில்லை.

கழுத்து

மூன்று மெய்ப்பாளர்களில் மூத்தவர் அறுபதைக் கடந்தவர். ஈயம் கோத்த காலத்திலிருந்து இத்தொழிலில் இருப்பவர். நிமிர்ந்த திரையை அவர் முதல் நாள் பாராட்டினார். நான்காம் நாள் என்னிடம், "எழுத்து நன்றாகத்தான் தெரிகிறது தம்பி, ஆனால் மேல் நாலு வரியைப் படிக்க நான் தாடையைத் தூக்க வேண்டியிருக்கிறதே" என்றார். அவர் அணிந்திருப்பது இரட்டைப் பார்வைக் கண்ணாடி. அருகில் பார்ப்பதற்கான பகுதி அதன் அடியில் இருக்கிறது. தாளைக் குனிந்து படிக்கும்போது அது இயல்பாகப் பொருந்துகிறது. திரையின் உச்சியைப் படிக்க அதே பகுதி வழியாகப் பார்க்க வேண்டுமென்றால் தலையைப் பின்னால் சாய்ப்பதைத் தவிர வழியில்லை.

இதையும் அளந்து பார்த்தோம். நிமிர்ந்த திரையை மேசைமேல் எவ்வளவு தாழ்த்தினாலும் அதன் மேல்விளிம்பு மேசையிலிருந்து 55 செ.மீ உயரத்தில் இருக்கிறது. எங்கள் நாற்காலியில் அமர்ந்தவரின் கண்ணோ மேசைக்கு மேல் 43 முதல் 46 செ.மீ உயரத்தில்தான் இருக்கிறது. திரையின் உச்சி கண்மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழோ இருக்க வேண்டும் என்பதும், திரையின் மையம் கண்மட்டத்துக்கு 15 முதல் 20 பாகை கீழே இருப்பது நல்லது என்பதும் அமெரிக்கத் தொழிற்பாதுகாப்புத் துறையான ஓஷாவின் பரிந்துரை. நிமிர்ந்த 23.8 அங்குலத் திரை சாதாரண மேசைமேல் இந்தப் பரிந்துரையை மீறியே நிற்கிறது. 27 அங்குலமாக இருந்தால் மேலும் 7 செ.மீ கூடும். விற்பனைக் குறிப்புகளில் இது எங்கும் சொல்லப்படுவதில்லை. என் கருத்தில், நிமிர்நிலையின் குறைகளில் உடலை நேரடியாகப் பாதிப்பது இதுதான். மற்றவற்றை அமைப்பை மாற்றிச் சமாளிக்கலாம், கழுத்துக்கு அமைப்புப் பட்டியல் கிடையாது.

நாங்கள் கண்ட வழி, திரையின் உச்சியைப் படிக்கும் இடமாகப் பயன்படுத்தாமல் விடுவது. டெமி பக்கம் 190 விழுக்காட்டிலும் 41 செ.மீட்டரே ஆவதால், பக்கத்தை அடிப்பகுதியில் ஒட்டி நிறுத்தி, மேலே மிஞ்சும் பத்துச் செ.மீட்டரில் தலைப்புப் பட்டையையும் கருவிகளையும் குறிப்பு எழுதும் சிறு சாளரத்தையும் வைத்தோம். திரையைப் பின்னால் சற்றுச் சாய்த்து, நாற்காலியை ஏற்றி, காலுக்கடியில் ஒரு பலகை போட்டுக் கொடுத்தோம். மூத்தவர் தம் கண் மருத்துவரிடம் திரையின் தூரத்தைச் சொல்லி, அந்தத் தூரத்துக்கென்றே ஒற்றைப் பார்வைக் கண்ணாடி ஒன்று செய்துகொண்டார். அதன்பின் தாடை தூக்குவது நின்றது.

பலகத்தின் உள்ளே மாறாத திசை

பழைய 19 அங்குல மானிட்டரின் கதைக்கு வருகிறேன். 5:4 விகிதம் கொண்ட அந்தத் திரையை நிமிர்த்தினால் அகலம் 30 செ.மீ, உயரம் 37.6 செ.மீ, புதிய திரைக்கு இணையான அகலம், கழுத்துக்கு உகந்த குறைந்த உயரம். கணக்கின்படி மூன்றாம் மெய்ப்பாளருக்கு மிகவும் பொருத்தமானது. அவர் ஒரு நாள்கூட முழுமையாக அதில் வேலை செய்யவில்லை. வெள்ளைத் தாள் ஒரு பக்கம் மஞ்சளாகவும் மறுபக்கம் நீலம் கலந்ததாகவும் தெரிகிறது என்றார்; ஒரு கண்ணை மூடினால் சரியாகவும், இரண்டையும் திறந்தால் திரை மினுங்குவதாகவும் சொன்னார். கண்ணில் கோளாறோ என்று அவரும், திரையில் கோளாறோ என்று நானும் ஐயுற்றோம். கோளாறு இரண்டிலும் இல்லை.

அந்த மானிட்டர் டிஎன் வகைப் பலகம். அந்த வகையில் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் ஓரளவே மாறும்; மேலிருந்தும் கீழிருந்தும் பார்த்தால் வெகுவாக மாறும், கீழிருந்து பார்த்தால் இருண்டேவிடும். கிடைநிலையில் வைத்துப் பார்ப்பவர் அதன் நல்ல திசையில் அமர்ந்திருக்கிறார். திருப்பியதும் அந்தக் கெட்ட திசை பக்கவாட்டுக்கு வந்துவிடுகிறது. நம் இரு கண்களுக்கும் இடையே ஏறத்தாழ 6.3 செ.மீ இடைவெளி உண்டு, 60 செ.மீ தொலைவில் அது 6 பாகை கோண வேறுபாடு. ஆகவே ஒரே எழுத்தை இடக்கண் ஒரு நிறத்திலும் வலக்கண் வேறு நிறத்திலும் பார்க்கிறது. மூளை இரண்டையும் இணைக்க முயல்வதைத்தான் அவர் மினுக்கம் என்று சொன்னார். புதியவை எல்லாத் திசையிலும் நிறம் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும் ஐபிஎஸ் வகை என்பதால் அவற்றில் இந்தத் தொல்லை இல்லை. மலிவு விலை டிஎன் மானிட்டரைக் கைத்தாங்கியில் பூட்டி நிமிர்த்த எண்ணுபவர்கள் இந்த ஒன்றுக்காகவே அதைக் கைவிடலாம்.

ஐபிஎஸ் பலகத்திலும் திரும்பாத திசைகள் உண்டு. ஒவ்வொரு திரைப்புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று நெடுங்கீற்றுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் ஆனது. 1998இல் மைக்ரோசாஃப்ட் அறிவித்த கிளியர்டைப் நுட்பம் இந்தக் கீற்றுகளைத் தனித்தனியே பயன்படுத்தி, எழுத்தின் விளிம்பைக் கிடைவாக்கில் மூன்று மடங்கு நுட்பமாக வரைகிறது. திரையை நிமிர்த்தினால் கீற்றுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துவிடுகின்றன. விண்டோஸோ அவை பக்கத்தில் பக்கத்தில் இருப்பதாகவே எண்ணி வரைவதால், நுட்பம் கூடுவதற்குப் பதிலாக எழுத்தின் ஓரங்களில் நிறக்கசிவு தோன்றுகிறது. லினக்ஸில் கீற்றுகளின் திசையைச் செங்குத்து என்று குறிப்பிட்டுவிடலாம். விண்டோஸின் கிளியர்டைப் அமைப்பில் அத்தகைய தேர்வு கிடையாது. மேக்கில் 2018இன் மொஹாவே பதிப்பிலிருந்து இந்த நுட்பமே கைவிடப்பட்டதால் அங்கு இந்தப் பேச்சுக்கு இடமில்லை.

நல்வாய்ப்பாக மெய்ப்பு வேலையில் இதன் பாதிப்பு சிறிதாகவே இருந்தது. வேர்ட் 2013 பதிப்பு முதல் நிறக்கீற்று முறையை விட்டுச் சாம்பல் முறைக்கு மாறிவிட்டது. பிடிஎஃப் மெய்ப்புகளை நாங்கள் திறக்கும் அக்ரோபாட்டில், எழுத்தை மென்மையாக்கும் முறையை மடிக்கணினித் திரைக்கு, சாதாரண மானிட்டருக்கு என்று தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. நிமிர்ந்த மேசைகளில் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்ததும் நிறக்கசிவு மறைந்தது. மேலும், 27 புள்ளி உயரத்தில் வரையப்படும் எழுத்துக்கு விளிம்பு நுட்பத்தின் தேவையே குறைவு. கோப்புப் பட்டியலிலும் சில பழைய நிரல்களின் சிறிய எழுத்துகளிலும்தான் நிறக்கசிவு இன்னும் எஞ்சியிருக்கிறது.

திரை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் திசையும் மாறுவதில்லை. பலகம் கிடைநிலையில் மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசை வரை, நொடிக்கு 60 முறை வரைகிறது. ஒரு முறை வரைய ஏறத்தாழ 16.7 மில்லிநொடி ஆகும். நிமிர்த்தியபின் அந்த வரைதல் ஒரு பக்கவாட்டிலிருந்து மறுபக்கவாட்டுக்கு நடக்கிறது. அசையாத பக்கத்தில் இது தெரியாது. பக்கத்தை வேகமாக உருட்டும்போது, வரியின் ஒரு முனை மறுமுனையைவிடச் சற்று முன்னதாக நகர்ந்துவிடுவதால், வரிகள் சாய்ந்து ஓடுவதுபோல் தோன்றும். நொடிக்கு 1200 புள்ளி வேகத்தில் உருட்டினால், வரியின் இரு முனைகளுக்கும் இடையே 20 புள்ளி வரை சாய்வு வரும். மெய்ப்பாளர்களில் இளையவர் இதை முதல் நாளே கவனித்துத் தலைசுற்றுவதாகச் சொன்னார். மற்ற இருவருக்கும் இன்றுவரை அது தெரியவேயில்லை. உருட்டாமல் பக்கம் பக்கமாகத் தாவும்படி அவருடைய நிரலை அமைத்துக் கொடுத்தோம். பக்கம் முழுவதும் திரையில் அடங்கும்போது உருட்ட வேண்டிய தேவையும் இல்லை.

மெய்ப்பைத் தாண்டிய வேலைகள்

நூலாசிரியர்களோடு இணையவழியில் திரையைப் பகிர்ந்து திருத்தம் பேசும் வழக்கம் எங்களுக்கு உண்டு. நிமிர்ந்த திரையை முழுவதுமாகப் பகிர்ந்தால், கிடைநிலைத் திரை வைத்திருக்கும் ஆசிரியருக்கு அது நடுவில் ஒரு நெட்டைப் பட்டையாக, அவருடைய திரைப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத் தெரிகிறது. எழுத்து படிக்க முடியவில்லை என்று ஒருவர் சொன்னபின், முழுத் திரையையும் பகிராமல் நிரலின் சாளரத்தை மட்டும் கிடையாகச் சுருக்கிப் பகிர்கிறோம். நிமிர்ந்த திரையில் காணொளி பார்த்தாலும் இதே கணக்குதான்: 1080 புள்ளி அகலத்துக்கு 608 புள்ளி உயரம், மற்றதெல்லாம் கறுப்பு. வேலை நேரத்தில் படம் பார்ப்பது குறைந்ததை நன்மைக் கணக்கில் எழுதலாமா என்று எங்கள் உரிமையாளர் கேட்டார்.

வடிவமைப்பு மேசை ஒன்றில், கிடைநிலைத் திரைக்குப் பக்கத்தில் நிமிர்ந்த திரை ஒன்றை இரண்டாவதாக வைத்துப் பார்த்தோம். ஒன்றின் உயரம் 1080 புள்ளி, மற்றதன் உயரம் 1920. நிமிர்ந்த திரையின் மேல்பகுதியிலோ அடியிலோ இருந்து சுட்டியைப் பக்கத்துத் திரைக்கு நகர்த்தினால், எதிரே திரை இல்லாததால் அது சுவரில் முட்டியதுபோல் நின்றுவிடுகிறது. அந்த 840 புள்ளி வேறுபாட்டை எப்படிப் பங்கிட்டாலும் எங்கோ ஓரிடத்தில் சுட்டி முட்டும். வடிவமைப்பாளர் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு இரண்டாவது திரையையும் படுக்க வைத்தார். நெட்டைத் திரையும் வேண்டும், அகலமும் குறையக்கூடாது என்பவர்களுக்காக எல்ஜி நிறுவனம் 2022இல் டூயல்அப் என்ற பெயரில் 16:18 விகிதத்தில் 2560 × 2880 புள்ளிகள் கொண்ட மானிட்டரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. திருப்பாமலேயே நெட்டையாக நிற்கும் அது, ஒரு விரிப்பையும் அதன்கீழ் பலகைகளையும் ஒருங்கே காட்டும் வடிவமைப்பு வேலைக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். எங்கள் செலவுத் திட்டத்துக்குள் அது வரவில்லை.

செய்தித்தாள் அளவில் வேலை செய்பவர்களுக்கு வேறு கணக்கு. பெருந்தாள் நாளிதழின் அச்சுப் பரப்பு ஏறத்தாழ 33 செ.மீ அகலமும் 52 செ.மீ உயரமும் உடையது. நிமிர்ந்த 27 அங்குலத் திரை 33.6 செ.மீ அகலமும் 59.8 செ.மீ உயரமும் உடையது. முழுப் பக்கமும் உண்மை அளவுக்கு மிக அருகில், மேலே கருவிப் பட்டைக்கும் இடம் விட்டு அடங்கிவிடும். எங்கள் அலுவலகத்துக்கு அத்தகைய வேலை வருவதில்லை என்பதால் இதைச் செய்து பார்க்கவில்லை.

இப்போதைய ஏற்பாடு

முதல் மெய்ப்பு இன்று முழுவதும் திரையில் நடக்கிறது. இரண்டாம் மெய்ப்பைத் தாளிலேயே பார்க்கிறோம். அச்சுக்குப் போகுமுன் தாளில் ஒருமுறை பார்க்காமல் கையொப்பமிட மாட்டேன் என்பதில் மூத்தவர் உறுதியாக இருக்கிறார், எனக்கும் அதில் மறுப்பில்லை. வடிவமைப்பாளர் ஒருவரிடமிருந்த புதிய மானிட்டரை மூன்றாம் மெய்ப்பாளருக்குக் கொடுத்து, பழைய 19 அங்குலத்தைக் கிடைநிலையில் என் கணக்கு மேசையில் வைத்துக்கொண்டேன். மானிட்டரை இழந்த வடிவமைப்பாளருக்கு, திரும்பாத தாங்கி கொண்ட, விலை குறைந்த 24 அங்குல மானிட்டர் ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். அவர் குறை ஏதும் சொல்லவில்லை.

ஆக, சுழலும் மானிட்டர்கள் நான்கில் மூன்று நிரந்தரமாக நிமிர்ந்தும் ஒன்று நிரந்தரமாகப் படுத்தும் இருக்கின்றன. வேலைக்காக அவற்றை யாரும் இன்று திருப்புவதில்லை. செருகிடங்கள் பின்புறத்தில் அடிநோக்கி இருப்பதால், படுத்திருக்கும் அந்த ஒரு மானிட்டரில் கேபிளை மாற்ற வேண்டியிருக்கும்போது மட்டும், தாங்கியை முழு உயரத்துக்கு ஏற்றி, பின்னால் சாய்த்து, பக்கவாட்டில் திருப்பி, முனையைக் கண்ணால் பார்த்துச் செருகிவிட்டு மறுபடியும் படுக்க வைக்கிறேன்.